ஏழாவது எச்சரிக்கையை நான் அடித்தது

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பதிவு செய்கிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசிக்க வராததால் வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

சென்ற மாதம் பத்தாம் தேதி மாலை அம்மாவும் நானும் இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனோம். பெட்டியில் இரண்டு பின் பிளக் இருந்தது. அதனுடன் தந்த சிறு புத்தகத்தில் ஏழாவது எச்சரிக்கை, மூன்று பின் பிளக் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றது. அதைக் கடைக்காரரிடம் காட்டினேன்.

"டீச்சரம்மா பரீட்சை வைக்க வந்துட்டாங்கப்பா! அது பழைய மாடலுக்கு அடிச்ச புக்கு பாப்பா. இதுல எர்த்து உள்ளயே இருக்கு. ஈரக் கையால தொட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

"விடும்மா, அவருக்குத் தெரியாததா?" என்றார் அம்மா.

அதன் பிறகு வீட்டில் அந்த வரியைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'இதற்குப் பொருந்தாது - கடைக்காரர்' என்று எழுதித் தேதியும் போட்டேன். புத்தகத்தில் பிழை கண்டால் அப்படித் திருத்துவது என் வழக்கம். மற்ற எச்சரிக்கைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாவதை வாசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை அம்மா ஒரு சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடும்போது இடது கை பெட்டியின் ஓரத்தில் பட்டு ஒட்டிக்கொண்டது. அம்மா கத்தவில்லை. பற்கள் மட்டும் கிட்டித்திருந்தன. நான் சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். தைக்கும்போது துணியைத் தள்ளிக் கொடுக்கும் கை அது.

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றும், எச்சரிக்கையைப் படித்துத் தெரிந்தேதான் வாங்கினார்கள் என்றும் எங்கள் புகாருக்குக் கடைக்காரர் பதில் கொடுத்திருக்கிறார். அப்பா நேற்று ரப்பரை என் கையில் கொடுத்து, "அழிச்சிடும்மா. நீ படிச்சதே தெரிய வேணாம். கேஸ் போயிடும்" என்றார். நான் அழிக்கவில்லை. புத்தகத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நான் சொல்வதை எழுதிக்கொண்ட அதிகாரி முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லித் தந்த ஒரு சொல்லும் இதில் இல்லை.

(கையொப்பம்)

கையெழுத்துக்குப் பின் நானே எழுதிச் சேர்த்தது: பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட அப்பா எழுந்து, "அந்த ஏழாவதை வாசிக்கலன்னு அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றார். இதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "எழுதும்மா, சீக்கிரம்" என்றார் அதிகாரி. எழுதி முடிப்பதற்குள் வெளி அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.