மசால் வடை தின்ற எலி

மசால் வடை ஆறினால்தான் ருசி, மாப்ள. சூட்டில் எண்ணெய் மட்டுமே தெரியும். ஆறிய பிறகுதான் சோம்பு தெரியும். ராத்திரி முழுக்க எலிப்பொறியில் கிடந்த வடைக்கு ஈடே இல்லை.

விரலில் என்ன காயம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள். ஸ்ரீரங்கம் போன உங்கள் அக்கா ராக்கம்மாள் திரும்பி வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்ட நாளிலிருந்து அவள் பலகார டப்பாக்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நான் திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன். மூடியே வைத்திருக்கும் பொருளின் தரம் எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைதோறும் அவள் பஸ் மாறிக் கோயிலுக்குப் போய்வர நாலு மணி நேரம். அந்த நேரத்தில் பரிசோதித்தேன்.

முதல் வாரம் ஒரே ஒரு அதிரசம். "எலி வந்திருக்கும் போலிருக்கே" என்றாள். அவளேதான் சொன்னாள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு முறையாகச் செய்ய வேண்டியதாயிற்று. எலி ஒன்றை முழுசாகத் தின்று முடிக்காது. இங்கே ஒரு கொறி, அங்கே ஒரு கொறி என்று இருபது இடத்தில் வாய் வைக்கும். ஆகவே ஒரு அதிரசத்தோடு நிறுத்த எனக்கும் வழியில்லை. டப்பா மூடியின் ஓரத்தை நகவெட்டியால் கடித்தேன். குளியலறைச் சோப்பைக்கூட விடவில்லை. எலி சோப்பும் தின்னும். புழுக்கைக்கு, பொங்கலுக்கு நீங்கள் கொடுத்த கருப்புக் கவுனி அரிசி. அளவு, நிறம் எல்லாம் சரி.

அவள் பொறியில் மசால் வடை வைத்தாள். வடை அப்படியே கிடந்தால் எலி இல்லை என்று ஆகிவிடும். கடமைக்காகத் தின்றேன்.

ஒருநாள், "எலியுமில்ல, புலியுமில்ல. இந்த மனுசன்தான்" என்று முணுமுணுத்தாள். முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த பிறகும் கணவன்மேல் சந்தேகம். மனசு வலித்தது. அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய கல்யாணப் பட்டுப் புடவையின் தலைப்பை நகவெட்டியால் ஓட்டை ஓட்டையாக்கினேன். எலி பட்டுத் துணியையும் விடாது. திரும்பி வந்தவள் புடவையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ஆனால் சந்தேகம் தீர்ந்தது. குடும்பத்துக்கு அதுதானே முக்கியம்?

கீழ் வீட்டில் குடியிருக்கும் ஷஹனாஸ் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறாள். "அதுகளுக்குப் போடுற தினைக்குத்தான் எலி வருது. காலி பண்ணச் சொல்லிட்டேன்" என்றாள் உங்கள் அக்கா. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஷஹனாஸின் கணவர் குவைத்தில். மகள் அல்ஃபியாவுக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ஷஹனாஸ் பறவைகளை யாருக்கோ கொடுத்துவிட்டு, வீட்டை மூன்று முறை கழுவிவிட்டு, மேலே வந்து நின்றாள். "எங்க அத்தா மாதிரி நெனச்சிருக்கேன் உங்கள. எங்க வீட்ல எலியே இல்லங்க. நீங்களாவது அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கிறேன்மா" என்றேன். மனசு கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு லட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

நாளைக் காலையில் அவர்களுக்கு வேன் வருகிறது. நானே சொல்லியிருப்பேன், மாப்ள. அதற்குள் இன்றைக்கு நீங்கள் எலியைத் தேடிப் பரண்மேல் ஏறினீர்கள். புழுக்கை ஒன்றை எடுத்தீர்கள். பேசாமல் வாயில் போட்டுக்கொண்டீர்கள். நான் பதறிப்போனேன். நீங்கள் நிதானமாக மென்றுவிட்டு, "மச்சான், இது நம்ம மண்ணச்சநல்லூர் மில்லு அரிசியாச்சே" என்றீர்கள். கீழே நின்று வடைக்காகப் பொறிக்குள் விட்டிருந்த கையைத் திகைப்பில் எடுக்க மறந்துவிட்டேன், பொறி விழுந்துவிட்டது. அதுதான் இந்தக் காயம்.

கேட் சத்தம் கேட்கிறது, அக்கா வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஷஹனாஸ் எங்கேயும் போக வேண்டாம். மனசு லேசாகிவிட்டது.

ஒன்று மட்டும். போகிறோமே என்று ஷஹனாஸ் காலையில் கொடுத்த தம்ரூட், நெய்யில் செய்த ரவை இனிப்பு, இந்தத் தட்டில் இருந்தது. நாம் பேச உட்கார்ந்தபோது முழுசாக ஆறு துண்டு. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. சத்தியமாக நான் தொடவில்லை. கையில் ஏன் நெய் என்று என்னைக் கேட்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் உங்கள் அக்கா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மாப்ள. இந்த வீட்டில் எலி இருக்கிறது.