ஒன்றரை லிட்டர் குறைவு

வீட்டில் காருக்கு எண்ணெய் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தரையில் பழைய செய்தித்தாளை விரிக்கிறார்கள். அது போதாது. தாள் ஊறிக் கிழிந்து, எண்ணெய் சிமெண்டில் இறங்கிவிடும். பிறகு எந்தச் சோப்புத்தூளுக்கும் போகாது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட வேண்டும். முதலியார்பேட்டையில் எங்கள் கார் நிற்கும் இடத்தை நீங்களே பார்த்தீர்கள், தமிழ்மாறன் சார். ஒரு கறை இல்லை. உங்களோடு வந்த சிவப்புத் தொப்பிக் காவலர் அங்கே பூட்ஸோடு நிற்கவே கொஞ்சம் தயங்கினார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் நேற்று எழுதிக்கொண்டுவந்த தாளில் ‘அனுபவமின்மையால் தெரியாமல் நேர்ந்த பிழை’ என்று ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் பெரிய தொந்தரவு இருக்காது என்றீர்கள். என் வயதை நினைத்து நீங்கள் காட்டிய பரிவு புரிகிறது. ஆனால் அந்த வரியின்கீழ் என் பெயரை எழுத முடியாது. அதனால் நடந்ததை நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஜானகிராமன். வயது அறுபத்தாறு. இப்போது மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு மெக்கானிக்கும் காலடி வைத்ததில்லை. எல்லாவற்றையும் நானே கழற்றி மாட்டுவேன். மிக்ஸி ஒருமுறை தன் மூடியைக் கூரைக்கு அனுப்பியது உண்மை; மூடியைச் சரியாக அழுத்தாதது என் மனைவி. தண்ணீர் மோட்டார் மூன்றாம் நாள் புகைந்தது. அதற்குக் காரணம் மின்னழுத்தம். இவற்றை வைத்துத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எதிர்வீட்டில் ஏதாவது ரிப்பேர் என்றால், “ஜானகிராமன் சாருக்குத் தெரியறதுக்குள்ள ஆள கூப்புடு” என்பார்கள். மென்மையாகத்தான் சொல்வார்கள். எனக்கும் கேட்கும்படியாக.

என் மனைவி கலைவாணிக்கு அறுபது வயது. பிரான்சில் இருக்கும் எங்கள் மகள் இனியா இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்காக ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்க ஏற்பாடு செய்தாள். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. அதை ஓட்டுவதை நான் ஓட்டுவதாகவே கருதியதில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கலைவாணி மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ஒரு தோழி கிடைத்தார். உப்பளம் பகுதியைச் சேர்ந்த பதுருன்னிசா. அவரும் கற்றுக்கொள்ளத்தான் வந்தார். மூன்றாம் நாள், “எனக்கு இது வராது கலா. நீ ஓட்டு, நான் பேசறேன்” என்று சொல்லி ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சு நிற்கவில்லை. இருவருமாக ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். வியாழக்கிழமை காலையில் கனகசெட்டிக்குளத்துக்குப் போய், படகிலிருந்து இறங்கும் மீனை ஏலத்தில் எடுத்து, சொல்லிவைத்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது. ஆறு வீட்டில் ஆரம்பித்து நாற்பது வீடு ஆனது. முப்பது ஆண்டுகள் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தவள், இப்போது நான் எங்கே போகிறாய் என்று கேட்டால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நானும் கூடப் போனேன். பின்னிருக்கையில். முன்னிருக்கை பதுருன்னிசாவுக்கு, ஆர்டர்களைப் படிக்க. எனக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி.

“அண்ணே, பொட்டிய கொஞ்சம் அணைச்சி புடிங்க. சாஞ்சிதுன்னா தண்ணி உங்க வேட்டியிலதான்” என்பார் பதுருன்னிசா.

“அவரு புடிச்சிப்பாரு. மில்லுல அத்தாம்பெரிய மிஷினையே புடிச்சவரு” என்பாள் கலைவாணி.

“அந்த மிஷினு இப்ப ஓடுதா கலா?”

“மில்லே ஓடல, நீ வேற.”

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. பதினோரு வியாழக்கிழமைகள் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பும் வழியில் முதல் மீன் காலாப்பட்டில் ஒரு வீட்டுக்கு. அதற்குச் சாலையைக் குறுக்கே கடந்து வலதுபக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐஸ் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அக்கறையோடுதான் ஒருநாள் சொன்னேன்.

“இதெல்லாம் நமக்கு வேணாம். ஒருநாள் இல்ல ஒருநாள் ஆக்ஸிடென்ட் ஆவும்.”

“ஏங்க, முப்பது வருஷம் ஸ்கூட்டர்ல கூட்டிக்கினு போனீங்களே, அப்ப நான் எதுனா சொன்னனா?”

“பயந்தியே.”

“பயந்தேன். எறங்கிட்டனா?”

ஒன்று மட்டும் தெளிவானது. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். வண்டி சொன்னால் நம்புவாள்.

அப்போதுதான் கியர் பெட்டியின் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்தது. கலைவாணி சர்வீஸுக்கு விடலாம் என்றாள். வீட்டிலேயே செய்துவிடலாம் என்றேன். “சரி, செய்ங்க. உங்களுக்கும் ஒரு வேலை வேணும்ல” என்றாள்.

கிளட்ச் இல்லாத காரில் கிளட்சின் வேலையைச் செய்வது எண்ணெய்தான். எண்ணெயின் அழுத்தம்தான் இன்ஜினின் சுற்றைச் சக்கரம்வரை கொண்டுபோகிறது. எண்ணெய் குறைந்தால், அது சூடேறித் திருப்பத்தில் ஒருபக்கம் ஒதுங்கும்போது அழுத்தம் விட்டுப்போகும்; இன்ஜின் உறுமும், வண்டி நகராது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இறங்கியது. தட்டின் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். தேய்ந்த இரும்புத்தூள் அவற்றில் குழைத்த விபூதிபோல ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். புது ஃபில்டர், தட்டின் ஓரம் ஒழுகாமல் அடைக்கப் புது கேஸ்கெட். போல்ட்டுகளை ஒரே ஓரமாக முடுக்கிக்கொண்டு போகக் கூடாது; எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் ஒரே அழுத்தத்தில். அதற்காகவே அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். அன்று என் கை ஒருமுறைகூடத் தவறவில்லை.

இறங்கிய எண்ணெய் மூன்றரை லிட்டர். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஊற்ற வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் சூடேறியதும், எண்ணெயில் முங்கியிருக்கும் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எண்ணெயெல்லாம் கீழே வடிந்திருக்கும். கம்பி கூடுதலாகக் காட்டும். நிறைந்துவிட்டது என்று நினைத்துக் குறைவாக ஊற்றிவிடுவார்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த வரியின்கீழ் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

புது எண்ணெய் ரோஸ்மில்க்கில் ஊற்றும் சிரப் நிறத்தில் இருக்கும். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு லிட்டர் ஊற்றினேன். மீதி ஒன்றரை லிட்டரைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் ஒப்படைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து கனகசெட்டிக்குளம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏலத்துக்கு ஆகும் அரைமணி நேரம் வண்டியை அங்கே நிறுத்திவைத்தேன். எண்ணெயின் சூடு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. திரும்பி வந்து, காலாப்பட்டுக்கு முன்னால் ஒரு கிளைச் சாலையில் நிறுத்தி வலதுபக்கம் திருப்பியபோது, பாதித் திருப்பத்தில் இன்ஜின் உறுமியது, வண்டி நின்றுவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வளைத்து ஒடித்து, என்னை இடிக்காமல் தாண்டி நின்றார்.

“யோவ் பெருசு, நடு ரோட்ல நின்னுகினு இன்னா பண்ற? சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இருபத்திரண்டாவது வினாடியில் வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: 22. நான் எதிர்பார்த்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இருபத்திரண்டு வினாடி அவள் நடுச்சாலையில் நின்று பார்க்கட்டும். அதற்குப் பிறகு சாவியைத் தானாகவே கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன். விபத்து எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

வியாழக்கிழமை காலை கலைவாணி கேட்டாள்: “எண்ணெய் மாத்தினீங்களே, எல்லாம் சரியா இருக்குதா?”

“சரியாத்தான் இருக்குது” என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

பதுருன்னிசா முன்கதவைத் திறந்தபடியே கேட்டார். “அண்ணே வரலியா? பொட்டிய யாரு புடிக்கிறது?”

“முட்டி வலி.”

“அப்ப ரெஸ்ட் எடுங்க. உங்களுக்கு நல்ல வவ்வால் மீனா பாத்து எடுத்தாறேன். போன வாரமே கேட்டீங்க.”

கேட்டது உண்மைதான். நான் மறந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு பேப்பர் படித்தேன். கைப்பேசி மேசைமேல்தான் இருந்தது. கனகசெட்டிக்குளத்தில் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் கூப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். மணி பார்த்தேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது? வண்டியில் கோளாறு என்றால், நான் செய்த வேலையில் கோளாறு என்று ஆகிவிடும்.

காலாப்பட்டில் நடந்ததை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். வண்டி குறுக்கே நின்றது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த பேருந்து இடதுபுறம் மோதியது. ஓட்டுநர் பிரேக் போட்டிருக்கிறார், அவர்மீது தவறில்லை. என் கணக்கில் எட்டாவது அல்லது ஒன்பதாவது வினாடி. இன்னும் பதின்மூன்று வினாடி கிடைத்திருந்தால் வண்டி நகர்ந்திருக்கும். இடதுபுறம் பதுருன்னிசா இருந்தார். அங்கேயே இறந்துவிட்டார். அவருக்கு இதில் சம்பந்தமில்லை. வண்டியிலிருந்து எடுத்த பொருள்களின் பட்டியலைப் பார்த்தேன். மீன் பெட்டி ஒன்று. அதில் தனியாகப் பையில் கட்டிய வவ்வால் இரண்டு.

கலைவாணிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் நீங்கள் விசாரிக்க வந்தபோது நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். ஒரு பல்பு மாத்தத் தெரியாது அவருக்கு. நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சாரு. நான்தான் வுட்டிருக்கக் கூடாது.” அப்புறம் என்னைப் பார்க்காமல், “இனிமே வண்டி வாங்கினா கம்பெனியிலயே வுட்ருவேன்” என்றாள். இனிமேல் என்றாள். கவனித்தீர்களா?

வண்டியைப் பார்க்க உப்பளத்திலிருந்து நீங்கள் அழைத்துவந்த மெக்கானிக் வெற்றிச்செல்வன் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “ஆயில் கம்மி சார். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அளவு பாத்திருப்பாரு. புதுசா செய்றவங்க எல்லாரும் வுடற மிஸ்டேக்குதான். பாவம், வயசானவரு, வீடியோ எதுனா பாத்துட்டு செஞ்சிருப்பாரு.” நான் வீடியோ பார்ப்பதில்லை.

நேற்று மாலை பதுருன்னிசாவின் கணவர் கமருஸ்ஸமான் வீட்டுக்கு வந்தார். மனைவியை அடக்கம் செய்து நான்கு நாள்தான் ஆகிறது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “தெரியாம நடந்துபோச்சிண்ணே. மனசுல வச்சிக்காதீங்க” என்றார். எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, “எங்க வீட்டு ஃபேன்கூட நான் ஆள வச்சிதான் பாப்பேன்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். தெரியாமல், தெரியாமல் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு நாளாக நான் தூங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். எவ்வளவு குறைத்தால் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வினாடி வண்டி நிற்கும் என்று தெரிந்து, அந்தத் திருப்பத்தைத் தெரிந்து, அந்தச் சாலையின் பேருந்துகளைத் தெரிந்து செய்தேன். பாட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. அளந்து பாருங்கள், சரியாக ஒன்றரை லிட்டர் இருக்கும். நோட்டு மேசை இழுப்பறையில். எந்தச் சட்டப்பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், ‘பிழை’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு வேண்டுகோள். வெற்றிச்செல்வனை இன்னொருமுறை அழைத்து, காவல் நிலையத்துக்குப் பின்னால் நொறுங்கிக் கிடக்கும் அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் முடுக்கிய போல்ட்டுகளிலிருந்து ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது.