இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைப் பூட்டியவன்

மதிப்புக்கும் மாலைக்கும் உரிய தலைவர் முருகேசு அவர்களே, என் பேச்சு எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்க்கும் முன்வரிசைப் பெரியோர்களே, மடியில் மழலைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னை மன்னித்தவர்களே, இன்னும் மன்னிக்காதவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் புனர்வாழ்வுச் சங்கத்துக்குக் கணனி வந்ததை அறிவீர்கள். அதை வைத்து நான் ஆடிய கூத்தை நானே சொல்வதுதான் முறை.

இடம்பெயர்ந்து இவ்வூருக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விபரங்களை அட்டவணையாக அடித்தவன் யார்? நான்! வெள்ளிக்கிழமை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கொடுத்தால்தான் நிவாரண அட்டை என்று தெரிந்தும், அந்த அட்டவணைக்கு இரகசியச் சொல் போட்டுப் பூட்டியவன் யார்? நான்! காகிதப் பிரதிகளை அடுப்பில் போட்டவன் யார்? அதுவும் நானே!

ஏன் பூட்டினேன்? அதோ இருக்கிறாரே ஏரம்பு, வாசிகசாலைக் கல்லில் என் பெயருக்கு மேலே தன் பெயரைப் பொறித்தவர், அவர் பட்டியலைக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிவிடுவார் என்ற பயத்தில்!

மறக்க முடியாத சொல்லை வை என்றது கைநூல். என்னால் மறக்க முடியாதவர்கள் எனக்குத் துரோகம் செய்தவர்கள். அன்று காலை யாரை அதிகம் வெறுத்தேனோ, அவர் பெயரை வைத்தேன். வியாழன் காலையில் திறக்கப் போனால், அது யாரென்று நினைவில்லை!

முதலில் ஏரம்பு என்று அடித்தேன். திறக்கவில்லை. பதவி உயர்வைத் தடுத்த பள்ளிக்கூட அதிபர், வேலியை நகர்த்திய மைத்துனர், சாதகத்தை மாற்றிய தரகர்... திறக்கவில்லை, திறக்கவில்லை, திறக்கவே இல்லை!

என்ன கேட்கிறீர் சந்தியோகு? "என்ரை பேரையும் அடிச்சியளோ மாஸ்ரர்?" ஓம் ஐயா, நீர் பதினேழாவது!

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் நிவாரண அட்டைக்காக அன்று சங்க வாசலில் நின்ற மக்டலீன் சிரிக்கவில்லை.

"எங்கடை பேர் உதுக்குள்ளைதானே மாஸ்ரர்? வெளியிலை எடுத்துத் தாங்கோவன். பிள்ளையளுக்கு ரொட்டி சுட மா முடிஞ்சுபோச்சு."

பொறியியலாளர் சூசைதாசனை அழைத்தேன். அவரும் கையை விரித்தார். "இது வெறும் பூட்டில்லை மாஸ்ரர். உள்ளுக்கை இருக்கிற எழுத்தையெல்லாம் உருமாத்தி வைச்சிருக்கு. அந்தச் சொல் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது."

அப்போது ஏரம்பு வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

"உந்தப் பெட்டியை விடும் மாஸ்ரர். ஒரு கொப்பி தாரும்."

வாங்கிலில் அமர்ந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார். எந்த அறையில் யார், எத்தனை பிள்ளைகள், எந்தக் கிழவருக்குக் கண் தெரியாது... மறந்ததை மக்டலீனும் மற்றத் தாய்மாரும் எடுத்துக் கொடுத்தார்கள். கொப்பியில் எழுதியது என் கை. பொழுது சாயுமுன் இருநூற்றுப் பன்னிரண்டும் நிறைந்தன!

எப்படித் தெரிந்தது அவருக்கு? அந்த மக்கள் வந்திறங்கிய அன்று, அறை தேடி, பாய் தேடி, அவர்களோடு நடந்தவர் அவர். நான் நாற்காலியில் இருந்து, "பெயர்? வயது? அடுத்த ஆள்!" என்றவன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. அட்டைகள் வந்தன. என் அட்டவணை இன்றுவரை திறக்கவில்லை.

சபையோரே! இன்று செயலாளர் பதவிக்கு என் பெயர் பிரேரிக்கப்பட்டிருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள். அந்த இடத்துக்கு ஏரம்பு அவர்களை நான் பிரேரிக்கிறேன். அவர்மேல் என் கோபம் ஆறிவிட்டது என்று ஒருவரும் எண்ண வேண்டாம். இதைச் சொல்லும்போதே நாக்கு எரிகிறது. எரியட்டும்! அடுத்த குடும்பம் வந்திறங்கும்போது, வாசலில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

ஆமோதிப்பவர் கையை உயர்த்துங்கள். இவ்வளவும் பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, வணங்கி, இறங்குகிறேன்.