காலி என்று இரண்டு தடவை

நின்றுகொண்டே செய்கிற வேலை எங்கள் பக்கத்தில் சுலபத்தில் கிடைக்காது அய்யா. நடவு, களை, அறுப்பு எல்லாமே குனிந்து செய்கிறதுதான். எனக்கு இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர்வதற்கு இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். அதனால்தான் டிரோன் கம்பெனி வேலை எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

உங்கள் ஏட்டு, நீ சொல்லு நான் எழுதுகிறேன் என்றார். நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் ஆன பிறகுதான் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றேன். ளகரமும் ழகரமும் மாறியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கம்பெனியை நடத்துகிறவர்கள் இரண்டு பேர். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். ரகுராமன் சார் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். டிரோன் ஓட்டுவது அவர்தான். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் தஹ்மீனா மேடம். விவசாயி போனில் பதிவு செய்தால் இவர்கள் வந்து வயலுக்கு மருந்து அடித்துக் கொடுப்பார்கள். அடிக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. பயிர் வளர்ந்துவிட்டால், குனிந்து களை பறிக்கிறவர்கள் ரோட்டில் நிற்கிற சாருக்குத் தெரிய மாட்டார்கள். அதற்காக வயலின் எதிரெதிர் மூலையில் இரண்டு பேர் நின்று பார்த்து, போனில் "காலி" என்று சொல்ல வேண்டும். இரண்டு மூலையும் சொன்னால்தான் டிரோன் எழும்பும்.

அதற்கு இன்டர்வியூ வைத்தார்கள். பூதலூர்ப் பக்கத்திலிருந்து நானும் எங்கள் தெரு செந்தாமரையும் போனோம். உங்கள் பலவீனம் என்ன என்று மேடம் கேட்டார். இடுப்பு என்றேன். செந்தாமரை, வாய்தான் மேடம் என்றாளாம். இரண்டு பேரையுமே எடுத்தார்கள். பச்சை பனியன் கொடுத்தார்கள். இங்கே முதலாளி, வேலைக்காரர் என்றெல்லாம் கிடையாது, எல்லோரும் ஒரே டீம் என்றார் சார். குறுவை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பாருங்கள், பிறகு ஒரு மூலைக்குக் கேமரா வைத்துவிடுவோம், நிரந்தரமாக ஒரு இடம்தான் காலி என்றார் மேடம். வயலுக்கும் வேலைக்கும் அவர்களுக்கு ஒரே வார்த்தைதான்.

செந்தாமரை வரப்பில் நின்று, "ஏ புள்ளைவளா, மருந்து வருது, கரையேறுங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தால் களை பறிக்கிற கூட்டம் மொத்தமும் ஏறிவிடும். நான் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவளே திரும்ப மாட்டாள். டிரோன் காத்துக்கொண்டு கிடக்கும்.

"அண்ணே, ஒங்க சத்தத்துக்குக் கொக்குகூட எழுந்திரிக்காது" என்பாள். சொல்லிவிட்டு வரப்பைச் சுற்றி வந்து எனக்காகவும் கத்திவிட்டுப் போவாள். உதவிதான். ஆனால் என் மூலையையும் அவளே பார்த்தால் நான் எதற்கு?

ஆடி கடைசியில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீரையன் அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க நிக்கிற அன்னைக்கு டிரோன் காத்திருக்கிறதே இல்ல. உங்களுக்கு வேற எங்கயாவது சொல்லிப் பாக்குறேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

அன்று பஸ்ஸில் செந்தாமரையிடம் கேட்டுப் பார்த்தேன். உனக்கு இடுப்பு நன்றாக இருக்கிறதே, களைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாயே என்றேன். அவள் கோபப்படவில்லை. "எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு அலுத்துப்போச்சுண்ணே. நானும் செத்த நேரம் நிமிந்து நிக்கிறேனே" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. தப்பு இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சம்பவம் நடந்த வயலில் குருவிக்குப் பயந்து குச்சி நட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். செந்தாமரை தன் மூலையில் காலி சொல்லிவிட்டாள். பிறகுதான் ஒரு ரிப்பன் மேலே பறப்பதைப் பார்த்தாள். அது டிரோன் இறக்கையில் சுற்றிக்கொள்ளும். போன் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று துண்டில் சுற்றி வரப்பில் வைத்துவிட்டு, என் பக்கம் பார்த்து, "அண்ணே, குச்சிய புடுங்கிட்டு வந்துர்றேன், சாருக்கிட்ட சொல்லிப்புடுங்க" என்று கத்தினாள். அவள் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சாருக்குக் கேட்டிருக்காது. அவர் பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

உங்க பக்கம் என்னாச்சு வீரையன் என்று சார் போனில் கேட்டார். காலி என்றேன். என் பக்கம் காலிதான். அவர் கேட்டதும் என் பக்கத்தைத்தான்.

டிரோன் போய் ஒரு முறை அடித்துவிட்டுத் திரும்பியது. அவள் குச்சியோடு நிமிர்ந்து கையை ஆட்டினாள். வாய் அசைந்தது. அந்த இரைச்சலில் அவள் குரலும் எடுபடவில்லை. பனைமர இடுக்கில் என்ன தெரிந்ததோ, சார் போனில் மறுபடியும் கேட்டார். "ஏதோ அசையுற மாதிரி இருக்கே. ஆள் இருக்காங்களா?"

"கொக்கு சார். காலி" என்றேன்.

அவள் முகத்துக்கு நேராக அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு நாலடி வைத்தாள், பயிருக்குள் குப்புற விழுந்தாள். மருந்து அடிக்கும்போது வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. நான் இறங்கவில்லை. டிரோன் முழு வயலையும் முடித்து இறங்கின பிறகு நடந்து போனேன். தண்ணீரில் முகம் கிடந்தது. குனிந்து தூக்க என்னால் முடியவில்லை. இது பொய்யில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சார் ஓடிவந்துதான் தூக்கினார். ஆஸ்பத்திரியில் மறுநாள் போய்விட்டாள்.

சொல்லாமல் உள்ளே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் இராஜாங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எப்பவும் அவசரம்தாண்ணே என்று அழுதார். ஆமாம் என்றேன்.

பார்க்காமல் ஓட்டினார் என்று ரகுராமன் சாரை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அது நியாயமில்லை. அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆள் இருப்பது தெரிந்துதான் நான் இல்லை என்றேன். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

சாரை விட்டுவிடுங்கள் அய்யா. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சம்பா நடவு ஆரம்பித்துவிட்டது, நிறையப் பேர் பதிவு செய்திருப்பார்கள். எனக்கு என்ன தண்டனையோ அதை முடித்துவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று மேடத்திடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேமராவை நம்ப முடியாது. வயலில் ஆள் இருந்தால் எனக்குக் கட்டாயம் தெரியும்.