ஃப்ராவுக்கு இங்கிலீஷ் தெரியாது

— பஸ் எல்லாம் போயாச்சு வீப்கே. இனி நீ வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசலாம்.

— காரிடார்ல யாரோ நடக்கிற சத்தம் கேக்குது.

— அது கூட்டுற ஆளு. நீ இங்கிலீஷ் பேசினா அவருக்கு என்ன, சீன பாஷை பேசினா என்ன. வெள்ளிக்கிழமை அரைநாள், ஒரு பொடிசு கூட மிச்சம் இல்லை. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— நீங்க என்ன கேக்கறீங்கன்னே எனக்குப் புரியலை, லாரூ.

— பாரும்மா, மூணு வருஷமா நடுக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரே வீடு மாதிரி நடத்திட்டு இருக்கோம். காலையில உன் பக்கம் ஜெர்மன்ல கணக்கு போடுற பசங்க மத்தியானம் என் பக்கம் வந்து இங்கிலீஷ்ல படிக்கிறாங்க. உன் சுவத்துல ஓர் ஆணி அசைஞ்சாலும் எனக்குத் தெரியும். அந்தக் காகித விளக்கையெல்லாம் ஏன் கழட்டினே?

— தூசி. மார்ட்டின் திருநாள் நவம்பர்லயே முடிஞ்சது. இப்போ பிப்ரவரி.

— போன வருஷம் ஈஸ்டர் வரைக்கும் தொங்குச்சு.

— அதனாலதான் தூசி.

— டீப்பானை? அலமாரியில தேசப் படத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருப்பியே, அது எங்கே?

— வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். டீ குடிக்கிறது தப்புன்னு உங்க சபையில சொல்றாங்க. எதுக்கு வம்பு. நீங்க மட்டும் அந்த வாளி சைஸ் கோக்குல தேங்காய்ப் பாகு ஊத்திக் குடிக்கலாம், அது புண்ணியம்.

— என் கோக்கை வம்புக்கு இழுக்காதே. மூணு வருஷமா இல்லாத பயம் இந்த வாரம்தான் வந்துச்சா?

— நடுக்கதவை ரெண்டு வாரமா சாத்தி வைக்கிறது யாரு? அதை நான் கேட்டேனா?

— உன் பக்கம் பாட்டுச் சத்தம்.

— மூணு வருஷமா இல்லாத சத்தமா?

— சரி, வம்பு வேண்டாம்.

— வேண்டாம்னா சுத்தி வளைக்காதீங்க. நேரா கேளுங்க.

— நேராவே கேக்கறேன். வியாழக்கிழமை மடல் பாத்தியா?

— எந்த மடல்?

— எந்த மடலாம். இந்த மாதிரி ஸ்கூல்ல ஜெர்மன் சொல்லித்தர்றவங்க எல்லாருக்கும் வாராவாரம் வருதே, செய்தியும் வாய்ப்பும்னு. எந்த ஊர்ல கருத்தரங்கு, யாருக்குக் கல்யாணம், கடைசியில எங்கெங்கே ஆள் வேணும்னு. எனக்கு ஜெர்மன்ல நாலு வார்த்தைதான் தெரியும், அதுக்காக ஊர் பேரைக் கூடவா படிக்கத் தெரியாது? தெற்கே பாலைவனத்துல, செம்பாறைப் பக்கம் புது ஸ்கூல் திறக்கிறாங்கன்னு ஒரு மாசமா வருது. உன்னை மாதிரி ஜெர்மன் சொல்லித்தர ரெண்டு ஃப்ராவ் வேணுமாம்.

— வேணும்னா யாராவது போவாங்க.

— அந்த யாராவது நீயா?

— உங்ககிட்ட யார் சொன்னாங்க?

— இல்லைன்னு சொல்லலையே நீ.

— யார் சொன்னாங்கன்னு கேட்டேன்.

— அதை விடு. உனக்கு முன்னாடி இருந்த ஃப்ராவ் ஸ்கூல் திறக்கிற வாரத்துல கம்பி நீட்டினா, தெரியும்ல. ஐம்பது பசங்களை நான் ஒருத்தியா மேய்ச்சேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பெத்தவங்க என்னைத்தான் பிடுங்கித் தின்னாங்க. சபைக்குப் போனா அங்கேயும் வந்து கேப்பாங்க, ஜெர்மன் எப்போன்னு. இன்னொரு தடவை அப்படி ஆனா ஜெர்மன் வகுப்பையே மூடிடுவேன்னு ஸ்டாக்கர் சொல்லியிருக்கார். பிரின்சிபால் வாயில அது சும்மா வரலை. அதான் கேக்கறேன். போறதா இருந்தா உன் வாயால சொல்லிடு. எனக்கு அந்த நிம்மதியாவது கிடைக்கும்.

— உங்க நிம்மதிக்கு நான் ஏன் சொல்லணும்? என்னை வேண்டாம்னு சொன்னதே நீங்கதானே.

— நானா? எப்போ?

— நடிக்காதீங்க சிஸ்டர் சாரென்சன்.

— சபையில கூப்பிடுற மாதிரி சிஸ்டர்னு கூப்பிடாதே. நீ அப்படிக் கூப்பிட்டா கத்தி எடுத்துட்டன்னு அர்த்தம்.

— ஸ்டாக்கர்கிட்ட போய் வேற ஃப்ராவ் வேணும்னு கேட்டிருக்கீங்க. இன்னிக்குக் காலையில அவர் என்னைப் பாத்ததும் குனிஞ்சு ஷூவைப் பாத்தார். திங்கக்கிழமை யாரோ வகுப்பைப் பாக்க வராங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டார். யார் வர்றது?

— எனக்கென்ன தெரியும். மாவட்டத்து ஆளா இருக்கும். பேச்சை மாத்தாதே. நான் வேற ஃப்ராவ் கேட்டேன்னு உன் காதுல ஓதினது யாரு?

— போன மாசமே கேள்விப்பட்டேன்.

— போன மாசமா? போன மாசம் நான் அவர்கிட்ட உன்னைப் பத்தி வாயையே திறக்கலை. என் பேரப்பிள்ளைங்க மேல ஆணை.

— உங்க ஆணையை வச்சு நான் என்ன பண்ண? எனக்குச் சொன்னவங்களுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எனக்குப் புரியும்னே அவங்களுக்குத் தெரியாது.

— ஓ. அப்போ வகுப்புப் பிள்ளை.

— பேர் கேக்காதீங்க. யார் அப்பா ஹால்ல சோஃபாவுல படுக்கறார், யார் வீட்டு நாய் யாரைக் கடிச்சது, எல்லாம் என் முன்னாடிதான் பேசுறாங்க. ஃப்ராவ் ஒரு நாற்காலி மாதிரி அவங்களுக்கு. நான் ஒண்ணையும் வெளியே விட்டதில்லை. சனிக்கிழமை கடையில நம்ம பிள்ளை ஒண்ணு அம்மாவோட நிக்குதுன்னு பாலாடைக் கட்டியை வாயால கேக்காம விரலால காட்டி வாங்கினவ நான். கடைக்காரப் பொண்ணு பாவம்னு எனக்கு ரெண்டு துண்டு சேத்துப் போட்டா. பிள்ளைங்க முன்னாடி ஃப்ராவுக்கு இங்கிலீஷ் தெரியவே கூடாதுன்னு நான் அப்படிக் காப்பாத்தின விதி அது.

— விதியை நான் குறை சொல்லலை. ஆனா பாரு, எனக்குச் சொன்னதும் ஒரு பிள்ளைதான்.

— உங்களுக்குமா?

— சாப்பாட்டு வரிசையில வந்து என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு. ஃப்ராவ் போன்ல அழுதாங்க, புது ஸ்கூலுக்குப் போறாங்க, விளக்கெல்லாம் கழட்டுறாங்கன்னு. ஒரு நாள் இல்லை, ரெண்டு வாரமா.

— நான் போன்ல அழவே இல்லை.

— அழலையா?

— ஜலதோஷம். அந்தப் பிள்ளை கண்ணாடி போட்டிருக்குமா?

— கண்ணாடி. ரெட்டைப் பின்னல்.

— ஹேட்லி.

— ஹேட்லியேதான். உன்கிட்டயும் அவளா?

— என்கிட்ட இல்லை, அந்தக் க்ரூ பையன்கிட்ட சொன்னா. பென்சில் சீவுற இடத்துல நின்னு. மிஸஸ் சாரென்சன் வேற ஃப்ராவ் கேட்டிருக்காங்கன்னு.

— பென்சில் சீவுற மிஷின் உன் மேஜை மேலதானே இருக்கு. அதுக்கு க்ரூ என்ன சொன்னான்?

— அவன் பாட்டுக்கு சீவிக்கிட்டு இருந்தான். இப்போ நினைச்சா, அவ அவனைப் பாக்கவே இல்லை. என்னைத்தான் பாத்தா.

— எப்படிச் சொன்னா? அவளை மாதிரியே சொல்லிக் காட்டு.

— மெதுவா. ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி. வேறன்னு சொல்லும்போது கையை இப்படித் தள்ளிக் காட்டினா. ஃப்ராவ்னு சொல்லும்போது என் நாற்காலியைக் காட்டினா. அப்புறம் முதல்ல இருந்து இன்னொரு தடவை.

— ரகசியம் பேசுற பிள்ளை கையைக் காட்டி ரெண்டு தடவை சொல்லுமா?

— சொல்லாது. அது நான் பாடம் நடத்துற விதம். மெதுவா, கையைக் காட்டி, ரெண்டு தடவை. மொழி தெரியாதவங்களுக்குப் புரியணும்னா அப்படித்தான் சொல்லணும். லாரூ, அவ எனக்குப் பாடம் நடத்தியிருக்கா.

— அப்போ உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படி?

— அக்டோபர்ல முதல் பனி விழுந்த அன்னிக்கு. க்ரூ வழுக்கிக்கிட்டு பஸ் சக்கரத்துக்கு நேரே போனான். நில்லுடா, அசையாதேன்னு இங்கிலீஷ்ல கத்தினேன். அவன் பயத்துல எதையும் கவனிக்கலைன்னு உங்ககிட்ட கூட சொன்னேனே. அவன் கவனிக்கலை. வரிசையில அவனுக்குப் பின்னாடி நின்னவ கவனிச்சிருக்கா.

— தெரிஞ்சுக்கிட்டு இத்தனை நாள் யார்கிட்டயும் மூச்சு விடலை. எட்டு வயசு. எமகாதகி. எதுக்காக இதெல்லாம்?

— அவ சிநேகிதி ஓக்லியைக் கிறிஸ்துமஸோட ஜெர்மன்ல இருந்து எடுத்துட்டாங்கள்ல. பக்கத்து இங்கிலீஷ் வகுப்புல இருக்கா. இவ தானும் போறேன்னு அழுதிருக்கா. ஃப்ராவ் இருக்கிற வரைக்கும் நீ இங்கேதான்னு அம்மா சொல்லிட்டாங்களாம். அதுவும் பென்சில் சீவுற இடத்துல கேட்டதுதான்.

— ஃப்ராவ் இருக்கிற வரைக்கும்.

— ஃப்ராவ் போயிட்டா ஜெர்மன் இல்லை. ஸ்டாக்கர் சொன்னதை அவங்க அம்மா வீட்ல பேசியிருப்பாங்க. கணக்கை சரியாத்தான் போட்டிருக்கா. கணக்கு வாத்தியார் நான், எனக்கே கோபம் வர மாட்டேங்குது. ஜெர்மன்ல ஒரு வாக்கியம் முழுசா சொல்ல மாட்டா அந்தப் பொண்ணு.

— நாம ரெண்டு பேரும் பெரிய மனுஷிங்க. நடுவுல ஒரு கதவு. அதைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— கேட்டிருக்கலாம். நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. என் அமெரிக்க விசா வேலையோட ஒட்டினது, லாரூ. ஜூன்ல வேலை இல்லைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஜெர்மனிக்கே போக வேண்டியதுதான். அங்கே எனக்கு யாரும் இல்லை, அம்மா வீட்டையும் வித்தாச்சு. இங்கே வேண்டாம்னு ஆனா அந்தச் செம்பாறையாவது இருக்கட்டும்னுதான் எழுதிப் போட்டேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— நேத்து கூப்பிட்டாங்க. வேலை எனக்குத்தான். வர்றேனா இல்லையான்னு இன்னிக்குள்ள சொல்லணும்.

— சொல்லிட்டியா?

— இன்னும் இல்லை. காலையிலிருந்து போனைக் கையில வச்சுக்கிட்டு சுத்துறேன். இப்போ சொல்லிடறேன். எனக்கு அந்தப் பாலைவனம் வேண்டாம். இந்தக் கதவு போதும், உங்க தேங்காய்ப் பாகு வாசனையோட.

— வீப்கே, கொஞ்சம் இரு. போனைக் கீழே வை.

— ரெண்டே வரிதான். நன்றி, மன்னிக்கணும், வரலை.

— நான் சொல்றதைக் கேளு. ஸ்டாக்கர் ரூம்ல இருக்காரான்னு பாத்துட்டு வந்துடறேன். ஒரு வார்த்தை பேசணும். அதுவரைக்கும் அனுப்பாதே.

— அவர்கிட்ட என்ன பேச்சு? நான் எழுதிப் போட்டதே அவருக்குத் தெரியாது. இதோ, அனுப்பியாச்சு. திங்கக்கிழமை டீப்பானை அலமாரிக்கு வந்துடும். என்ன, ஏன் உக்காந்துட்டீங்க?

— அதைத் திருப்பி எடுக்க முடியாதா?

— எதுக்குத் திருப்பி எடுக்கணும்? அடுத்து ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காளாம், இந்நேரம் அவளைக் கூப்பிட்டிருப்பாங்க. லாரூ, என்னைப் பாத்துப் பேசுங்க. என்ன ஆச்சு?

— போன மாசம் நான் கேக்கலை வீப்கே, சத்தியமா கேக்கலை. நீ போயிடுவேன்னு நம்பி நேத்துதான் வேற ஃப்ராவ் கேட்டேன். ராத்திரியே ஒருத்தி உன் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டாளாம், திங்கக்கிழமை உன் நாற்காலியைப் பாக்க வர்றா.