பென்சில் வைக்காத முகம்

எங்கள் ஊரில் புற்றுமண்ணை யாரும் வெறும் மண்ணாக நினைப்பதில்லை, ஐயா. தலைவலி, சொறி, பூச்சிக்கடி எதுவானாலும் கோயிலிலிருந்து எடுத்துவந்து ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக்கொள்வோம். அதைத் தின்று யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இசக்கிப்பாண்டி. ரதவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படம் எடுப்பதைவிட டச்சிங்கில்தான் எனக்குப் பேர். நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்துவிடுவேன், மாறுகண்ணை நேராக்கிவிடுவேன். கடை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் என் மனைவி பாலம்மாளின் படம் இருந்தது. அந்த முகத்தில் மட்டும் நான் பென்சில் வைத்ததில்லை.

கல்யாணமாகி நாலாம் வருஷம், எழுபத்தெட்டில், அவளுக்குத் தசையில் பலம் போகிற வியாதி வந்தது. காலையில் நன்றாக இருப்பாள். பொழுது சாயச் சாய இமை கவிழ்ந்துவிடும், பேச்சு மூக்கால் வரும், சோறு மெல்ல முடியாது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். "டக்குனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்றும் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இரண்டு மாதத்தில் அவள் தானே சோறு மென்று தின்றாள். ஆனால் முகம் உப்பிக் குடம்போல் ஆகிவிட்டது. மாத்திரை இப்படிச் செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் "ஒடம்பு தேறிட்டாளே" என்றார்கள். ஒருநாள் படம் எடுக்க வந்த ஆயிஷம்மாள் அவளிடமே கேட்டாள்.

"கண்ணாடிக்குள்ள இருக்க பொண்ணு ஒனக்குத் தங்கச்சியா, மக்கா?"

"ஆமா. வாக்கப்பட்டு வெளியூரு போயிட்டா."

சொல்லிவிட்டுப் பாலம்மாள் சிரித்தாள். அன்று மத்தியானம் ரசஞ்சோறு இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். "மொகம் கெடக்கு. வாயால திங்கேன்லா, அது போதும்" என்றாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

மறுநாள் புற்றுமண்ணைக் குழைத்து, மாத்திரை அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்தேன். இந்த ஊர் நாக்குக்கு அது தெரியாமலா போகும்?

"கோயில் மண்ணுல்லா இது?"

"மாத்திரையப் பொடிச்சு உள்ள வச்சிருக்கேன். ரெண்டும் சேந்தா சீக்கிரம் கேக்கும்."

"நல்ல காரியம் செஞ்சிய" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள்.

உள்ளே மாத்திரை இல்லை. முதலில் ஒரு வேளை மாத்திரையை மட்டும் மாற்றினேன், பிறகு எல்லா வேளையும். சில வாரங்களில் கன்னம் வற்றியது, தாடை தெரிந்தது. இமையும் கவிழ்ந்தது, பேச்சும் போனது. கடைசி நாள் மத்தியானம் ஒரு விரலால் தன் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு கையால் அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவைக் காட்டினாள். டப்பா நிறைய இருந்தது. நான் இரண்டு மண் உருண்டையைக் கரைத்து ஊட்டினேன். பாதி வழிந்துவிட்டது.

மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். மூடின கண்ணை டச்சிங்கில் திறந்துவிட்டேன். இப்போது வாசல் கண்ணாடிக்குள் இருப்பது அந்தப் படம்தான். வரும்போது பார்த்திருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள் ஐயா, நோயாளி முகம் மாதிரியா இருக்கிறது?