நம்பத்தகுந்த வட்டாரம்

— பத்திரிகைக்காரன் உசுர விடுவான், சோர்ஸ் பேர விடமாட்டான். எழுதி வெச்சிக்க சிங்காரம்.

— உன் உசுரு எனக்கு இன்னாத்துக்கு ரவூப் பாய்? பேர சொல்லு, போதும்.

— சோர்ஸ்னா இன்னானு தெரியுமா உனக்கு? உலக யுத்தத்துக்கப்புறம் எல்லா நாட்டுப் பேப்பரும் அந்த ஒரே வார்த்தை மேலதான் நிக்குது. லண்டன்ல எழுதறவனும் அப்படித்தான், பழவேற்காட்ல எழுதற நானும் அப்படித்தான். தமிழ்ல, 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்'.

— வட்டாரமோ வாய்க்காலோ. எங்க குப்பத்து ஆளுங்க ராத்திரியில அடுத்த குப்பத்துக்காரன் பாடுல நைலான் வலை போட்டாங்கனு எழுதிட்ட. சீட்டு குலுக்கி, குப்பத்துக்கு ஒரு பாடுனு மீன் புடிக்கிற எடத்த பிரிச்சிக்கிற ஏரி பாய் இது. அடுத்தவன் பாடுல கைய வெச்சா வெட்டுக்குத்துதான்னு உனக்குத் தெரியாதா?

— உண்மையை உரைப்பது என் கடமை.

— அந்த உண்மைய உனக்கு ஊதினது நான்னு சொல்றாங்க! தெனம் உங்க பின்பக்கத் துறையில படகு கட்றேன், உங்க ஊட்டம்மா ராபியா அக்காவுக்கு எறா குடுக்கறேன், அதான் காரணமாம். சாயங்காலம் கூட்டம். என் பாட புடுங்கிடுவாங்க. புள்ளைங்கள கூட்டிக்கினு போய் எளாவூர் செக்போஸ்ட்ல லாரிக்காரன்கிட்ட கையேந்தறதா?

— எமர்ஜென்சியிலயே நான் வாய தெறக்கல, உன் கூட்டத்துக்காகவா தெறப்பேன்?

— எமர்ஜென்சியில அவரு வாய தெறக்கல, வாஸ்தவந்தான் தம்பி. அப்ப எங்கண்ணன் கடையில லுங்கி மடிச்சிக்கினு இருந்தாரு.

— ராபியா, நீ உள்ள போ!

— அக்கா, நீங்களாவது சொல்லுங்க. யார் பேரும் வேணாம். கூட்டத்துக்கு வந்து, 'சொன்னது சிங்காரம் இல்ல'னு ஒரு வார்த்தை.

— அத நான் சொல்லமாட்டேன்.

— இன்னா பாய் இது? ஆமாம்னும் சொல்லமாட்ட, இல்லனும் சொல்லமாட்ட?

— சோர்ஸ் விஷயத்துல ரெண்டுமே சொல்லக் கூடாது. அது பத்திரிகை தர்மம்.

— நான் உங்கிட்ட எப்பனா ஒரு சேதி சொல்லியிருக்கனா? அல்லா மேல ஆணையா சொல்லு!

— நேரா சொன்னதில்ல.

— நேரா இல்லனா கோணலாவா சொன்னேன்? யோவ், இப்பவே உன்ன தூக்கிப் படகுல போட்டுக்கினு போயி கூட்டத்துல நிக்க வெக்கல...

— சட்டைய விடு! நிருபர் மேல கைய வெக்கறியா? மெட்ராஸுக்கு தந்தி பறக்கும்!

— விடு தம்பி, கிழிஞ்சிடப் போவுது, வெளிய போட்டுக்கினு போக அது ஒண்ணுதான் இருக்குது. நான் சொல்றேன்.

— வேணாம் ராபியா. மானம் போயிடும்.

— யார் மானம்னு அப்பால பாத்துக்கலாம். தம்பி, அந்த சேதி எழுதின அன்னிக்கி இவுரு எங்கயும் போவல, யாரையும் பாக்கல. ராத்திரி கெட்டுப்போன கருவாட்ட துன்னுட்டு, விடிகாலையிலருந்து கக்கூஸ்லயே உக்காந்திருந்தாரு.

— கக்கூஸ்ல எப்படிக்கா சேதி வரும்?

— செவுத்துக்கு அந்தாண்டதான தம்பி துறை. நைலான் வலைய அலசிக்கினே, 'ராத்திரி நம்பள ஒருத்தனும் பாக்கலடா மச்சான்'னு நீ சத்தமா சொன்ன.